மடிப்பு பிசகிய புரதமும் குச்சி செல்லும்: எதைக் காப்பாற்றுவது, எதை அழிப்பது?

மங்கிய ஒளியில் நமக்குப் பார்வை தரும் குச்சி செல் ஒவ்வொன்றும் ஒளியைப் பிடிக்கும் ரோடாப்சின் என்ற புரதத்தின் மூலக்கூறுகளை நொடிக்கு ஏறத்தாழ நூறு வீதம் செய்து முடிக்கிறது. கணக்கு எளிது. செல்லின் வெளிக்கூறில் சுமார் ஆயிரம் சவ்வுத் தட்டுகள் நாணயம் அடுக்கியதுபோல் நிற்கின்றன. அந்த அடுக்கில் மொத்தம் பத்து கோடி அளவுக்கு ரோடாப்சின் இருக்கிறது. தினமும் நுனியிலிருந்து பத்தில் ஒரு பங்கை அருகிலுள்ள நிறமி அடுக்கு விழுங்கிவிடும். அடிப்பக்கத்தில் அதே அளவு புதிதாக வளர வேண்டும். நாளுக்கு ஒரு கோடி மூலக்கூறுகள், நாளுக்கு 86,400 நொடிகள். வகுத்தால் நூற்றுச் சொச்சம் வரும்.

இந்தச் செல் பிரிந்து பெருகாது. செத்தால் அந்த இடத்துக்கு வேறு செல் வராது. ஆகவே பிறந்த நாள் முதல் கடைசி நாள் வரை இதே வேகத்தில், இதே செல்லே உற்பத்தியை நடத்தியாக வேண்டும். உற்பத்தியாகும் புரதத்தில் ஒரு சிறு பங்கு தப்பாக மடிந்தாலும் குப்பை மலைபோல் சேரும். மடிப்புக் கோளாறுக்கு விழித்திரை இவ்வளவு எளிதில் பலியாவதற்கு இந்த அவசர உற்பத்திதான் அடிப்படைக் காரணம்.

ரோடாப்சின் 348 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி. செல்லின் உட்கூறில் உள்ள எண்டோபிளாச வலையில் அது உருவாகும்போதே சவ்வை ஏழு முறை ஊடுருவி மடிய வேண்டும். 2ஆம், 15ஆம் இடங்களில் சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்ட வேண்டும். 110ஆம் சிஸ்டீனுக்கும் 187ஆம் சிஸ்டீனுக்கும் இடையே கந்தகப் பிணைப்பு விழ வேண்டும். வைட்டமின் ஏ-யிலிருந்து கிடைக்கும் 11-சிஸ் ரெட்டினால் 296ஆம் லைசினில் போய் அமர வேண்டும். இவை எல்லாம் சரியாக நடந்தால்தான் புரதம் கோல்கை உறுப்புகள் வழியாக வெளிக்கூறுக்குப் பயணப்படும்.

1990இல் தாடியஸ் டிரைஜாவின் குழு ரெட்டினிட்டிஸ் பிக்மென்டோசா எனும் பரம்பரை விழித்திரைச் சிதைவுக்கான முதல் மரபணுக் காரணத்தைக் கண்டறிந்தது. ரோடாப்சின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறி, சிசிசி என்றிருந்தது சிஏசி ஆகியிருந்தது. 23ஆம் இடத்தில் புரோலினுக்குப் பதிலாக ஹிஸ்டிடின் வந்துவிட்டது. துறையில் இதை பி23எச் என்பார்கள். பத்தாண்டு கழித்து, 2000இல், மாட்டு ரோடாப்சினின் படிக அமைப்பு வெளியானபோது இந்த ஓர் எழுத்து ஏன் இவ்வளவு கேடு செய்கிறது என்பது விளங்கியது. சங்கிலியின் தொடக்கப் பகுதி ரெட்டினால் அமரும் குழியின் மேல் மூடிபோலக் கவிந்திருக்கிறது. அந்த மூடியின் வளைவைத் தாங்குவது 23ஆம் புரோலின். அது போனால் மூடி சரியாக உட்காராது, முழுப் புரதமும் நிலைகுலையும்.

இன்றைக்கு ரோடாப்சினில் மட்டும் 150க்கு மேற்பட்ட நோய்தரும் சடுதிமாற்றங்கள் தெரியும். எல்லாமே மடிப்புக் கோளாறு அல்ல. 347ஆம் இடத்தில் விழும் மாற்றம் புரதத்தின் மடிப்பைத் தொடுவதில்லை. அதன் முகவரிச் சீட்டைத்தான் கிழித்துவிடுகிறது. ஒழுங்காக மடிந்த புரதம் தவறான இடத்துக்குப் போகும். இந்த வேறுபாட்டை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்வது நல்லது. மடிப்பைச் சரிசெய்யும் மருந்து முகவரி தொலைத்தவனுக்கு உதவாது.

வலைக்குள் நடப்பது

மடியாத புரதத்தைச் செல் உடனே தூக்கி எறிவதில்லை. கால்நெக்சின், பிப் போன்ற துணைப்புரதங்கள் அதைப் பிடித்து இன்னொரு முறை மடியச் செய்து பார்க்கும். சரிவரவில்லை என்றால் யூபிகுட்டின் முத்திரை குத்தப்படும். விசிபி என்ற இயந்திரம் அதைச் சவ்விலிருந்து பிடுங்கி வெளியே இழுக்கும். புரோட்டியசோம் என்ற உருளை அதைத் துண்டு துண்டாக நறுக்கும். பி23எச் ரோடாப்சினில் பெரும்பகுதி இந்த வழியில்தான் அழிகிறது.

இதற்கிடையில் வலைச் சவ்வில் இருக்கும் மூன்று உணரிகள் விழித்துக்கொள்ளும். பெர்க் என்பது இஐஎஃப்2-ஆல்ஃபா புரதத்தின் 51ஆம் செரினில் பாஸ்பேட்டை ஏற்றிப் பொதுப் புரத உற்பத்தியைக் குறைக்கும். ஐஆர்இ1 என்பது எக்ஸ்பிபி1 ஆர்என்ஏ-விலிருந்து 26 எழுத்துகளை வெட்டி, துணைப்புரதங்களையும் குப்பை அகற்றும் கருவிகளையும் கூட்டும். ஏடிஎஃப்6 கோல்கைக்குப் போய் அங்கே வெட்டுப்பட்டு, உட்கருவுக்கு வந்து அதே வேலையில் சேர்ந்துகொள்ளும். இந்த மூவரணியை அவிழ்த்துக் காட்டியதற்காக கசுடோஷி மோரியும் பீட்டர் வால்டரும் 2014இல் லாஸ்கர் விருது பெற்றார்கள். மூன்றில் ஒன்று பிறவியிலேயே செயல்படாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் விழித்திரையில் சான்று உண்டு. ஏடிஎஃப்6 மரபணு பழுதானவர்களுக்குப் பிறவியிலேயே நிறப்பார்வை இருக்காது என்பது 2015இல் தெரியவந்தது. அங்கே பாதிக்கப்படுபவை கூம்பு செல்கள்.

பாடப்புத்தகப் படத்தில் இதன் அடுத்த கட்டம் நேர்கோடாக இருக்கும்: அழுத்தம் நீடித்தால் பெர்க் வழியே சாப் என்ற புரதம் ஏறும், சாப் செல்லைச் சாகச் சொல்லும். அப்படியானால் சாப்பை நீக்கினால் செல் பிழைக்க வேண்டும். சுண்டெலிகளில் நீக்கிப் பார்த்தார்கள். ஒரு சோதனையில் கொஞ்ச நாள் தள்ளிப்போனது, மற்றவற்றில் அதுவும் இல்லை. பெர்க்கையே மருந்தால் அடக்கினால்? பி23எச் எலிகளில் சிதைவு வேகமாயிற்று. அபாய மணியின் கம்பியை அறுத்தால் தீ அணையாது என்பதுபோலத்தான். இந்த உணரிகளின் வேலை பெரும்பாலும் காப்பதுதான், கொல்வது அல்ல என்று எடுத்துக்கொள்வதே இப்போதுள்ள சான்றுகளுக்குப் பொருந்துகிறது.

செல் எதனால் சாகிறது என்றால், ஒரே காரணம் சொல்ல முடியாது. புரோட்டியசோம் திணறுவது ஒன்று: தப்பான ரோடாப்சினை நறுக்கவே நேரம் போய்விட்டால் அன்றாடக் கழிவுகள் தேங்கும். வலையிலிருந்து கால்சியம் கசிவது இன்னொன்று. மூன்றாவதுதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம்: காவலைத் தப்பி வெளிக்கூறுக்குப் போய்ச்சேரும் சிறு பங்கு பி23எச் புரதம் அங்கே தட்டு அடுக்கையே குலைத்துவிடுகிறது. இந்தச் சடுதிமாற்றத்தைத் தங்கள் சொந்த மரபணுவில் ஏற்றிய சுண்டெலிகளில் தட்டுகள் குறுக்கே திரும்பி, சீர்கெட்டு நிற்பதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கலாம். ஆக, கேடு இரண்டு இடங்களில் நடக்கிறது. வலையில் தேங்கும் புரதம் ஒரு கேடு, வெளியே போய்ச் சேர்ந்த புரதம் இன்னொரு கேடு.

நோயாளியிடம் தெரிவது

முதலில் மாலைக்கண். பிறகு பார்வைப் புலத்தின் ஓரம் சுருங்கும். பி23எச் உள்ளவர்களில் பலருக்கு மேல்பக்கப் பார்வைதான் முதலில் போகும், ஏனென்றால் விழித்திரையின் கீழ்ப்பாதியில் சிதைவு அதிகம். தலைக்கு மேலிருந்து வரும் வெளிச்சம் கண்ணுக்குள் தலைகீழாகி விழித்திரையின் கீழ்ப்பாதியில்தான் விழுகிறது. ஒளிதான் காரணமா என்ற சந்தேகம் இதிலிருந்தே கிளம்பியது. விலங்குகளில் அதற்கு வலுவான ஆதாரம் உண்டு. பி23எச் ஏற்றிய தவளைத் தலைப்பிரட்டைகளை முழு இருட்டில் வளர்த்தால் சிதைவு தடைபடுகிறது. ரோடாப்சினின் 4ஆம் இடத்தில் பிறழ்வுள்ள ஒரு நாய் இனத்தில், கண் மருத்துவர் விழித்திரையைப் படம்பிடிக்கப் பயன்படுத்தும் வெளிச்சமே சிதைவைத் தூண்டப் போதும்.

குச்சி செல்கள் செத்தபின் கூம்பு செல்களும் சாகத் தொடங்கும். இது விசித்திரம்: கூம்பு செல்லில் ரோடாப்சினே கிடையாது, தப்பான புரதமும் இல்லை. இரண்டு விளக்கங்கள் உண்டு. குச்சி செல்கள் சுரக்கும் ஒரு காப்புக் காரணி நின்றுவிடுகிறது. அதை 2004இல் அடையாளம் கண்டார்கள். மற்றது ஆக்சிஜன். விழித்திரையில் ஆக்சிஜனைப் பெருமளவு குடித்துவந்தவை குச்சி செல்கள். அவை போனபின் பின்புறக் குருதிநாளங்களிலிருந்து வரும் ஆக்சிஜன் செலவாகாமல் தேங்கி, மிஞ்சிய செல்களை அரிக்கிறது. வாசிக்கவும் முகம் அறியவும் வேண்டியவை கூம்புகள்தான். எனவே குச்சி செல்களில் ஒரு பகுதியையாவது தக்கவைப்பது இரவுப் பார்வைக்காக மட்டும் அல்ல.

மடிய உதவுவது: நல்ல யோசனை, ஆனால்

ஆய்வகத்தில் முதலில் தோன்றும் யோசனை, புரதத்துக்கு மடிய உதவுவது. ரோடாப்சினுக்கு இயற்கையே ஒரு துணையை வைத்திருக்கிறது. ரெட்டினால் குழிக்குள் போய் அமர்ந்தால் சங்கிலி அதைச் சுற்றி இறுகிக்கொள்ளும். வளர்ப்புச் செல்களில் பி23எச் புரதத்தைச் செய்வித்து, கூடவே 11-சிஸ் அல்லது அதைவிடக் கையாள எளிதான 9-சிஸ் ரெட்டினாலைச் சேர்த்தால், வலையில் முடங்கியிருந்த புரதத்தில் ஒரு பங்கு செல் பரப்புக்கு வந்துசேர்கிறது.

இதை எப்படி நிரூபிக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம், ஏனெனில் இந்தத் துறையின் பல தவறான நம்பிக்கைகள் இந்த இடத்தில்தான் பிறந்தன. ரோடாப்சின் மரபணுவை வளர்ப்புச் செல்லில் ஏற்றி, மங்கிய சிவப்பு விளக்கில் மைக்ரோமோலார் அளவில் ரெட்டினாலைச் சேர்த்து, இருட்டிலேயே வைத்திருப்பார்கள். சாதாரண விளக்கு ஒரு நிமிடம் எரிந்தாலே சேர்த்த ரெட்டினால் வடிவம் மாறி வேலை கெடும். பிறகு செல்லை டோடெசில் மால்ட்டோசைடு போன்ற மென்மையான சோப்பில் கரைத்து, புரதத்தின் வால்முனையைப் பற்றும் 1டி4 எதிர்ப்பொருளால் பிரித்தெடுத்து, 500 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சுதலை அளப்பார்கள். அந்த முகடு இருந்தால் புரதம் மடிந்து ரெட்டினாலையும் பிடித்திருக்கிறது என்று பொருள். 280இல் உள்ள அளவை 500இல் உள்ள அளவால் வகுத்தால் தூய ரோடாப்சினுக்கு 1.6 சுற்றி வரும். பி23எச் போன்றவற்றுக்கு அது ஏறிவிடும், காரணம் மடியாத புரதம் 280இல் மட்டும் தெரியும், 500இல் தெரியாது.

இன்னொரு சோதனை சர்க்கரைச் சங்கிலியை வைத்து. எண்டோ எச் என்ற நொதி வலையில் இருக்கும் புரதத்தின் சர்க்கரையை வெட்டும், கோல்கையைத் தாண்டியதை வெட்டாது. மருந்துக்குப் பிறகு வெட்டுப்படாத பங்கு கூடினால் புரதம் வெளியே போயிருக்கிறது. இங்கே புதியவர்கள் செய்யும் தவறு, மற்றப் புரதங்களுக்குச் செய்வதுபோல் மாதிரியைக் கொதிக்க வைப்பது. கொதித்தால் ரோடாப்சின் கட்டிகட்டியாகச் சேர்ந்து, புரதங்களை அளவுப்படி பிரிக்கும் ஜெல்லின் உச்சியிலேயே நின்றுவிடும். 'மருந்தால் கட்டி கூடிவிட்டது' என்ற முடிவுக்கு அது தள்ளிவிடும்.

இந்தச் சோதனைகள் எல்லாம் ஒரே கேள்விக்குத்தான் விடை தருகின்றன: புரதம் வலையை விட்டு வெளியேறியதா? வளர்ப்புச் செல்லுக்கு வெளிக்கூறு கிடையாது, தட்டுகள் கிடையாது, ஒளி கிடையாது. வெளியேறிய புரதம் பத்து நாள் தட்டில் நின்று ஒளிபட்டுத் தாங்குமா என்று அது சொல்லாது.

தாங்கவில்லை என்பதை 2017இல் மெட்ஃபார்மின் காட்டியது. நீரிழிவு மருந்தான இது ஏஎம்பிகே என்ற நொதியைத் தூண்டும். வளர்ப்புச் செல்லில் பி23எச் புரதத்தை அழகாக வெளியேற்றியது. விலங்குகளில் கொடுத்தபோதும் அதே: பி23எச் புரதம் வெளிக்கூறுக்குப் போய்ச்சேர்ந்தது. எதிர்பார்த்தபடி எல்லாம் நடந்து, சிதைவு மட்டும் வேகமாகிவிட்டது. ரெட்டினால் பிடித்த நிலையிலும் பி23எச் நிலையற்ற புரதம். ஒளிபட்டு ரெட்டினால் கழன்றதும் அதைத் தாங்க ஆளில்லை. வலையில் இருந்தால் அழிக்கப்பட்டிருக்கும் சரக்கை மருந்து கைபிடித்துக் கொண்டுபோய்த் தட்டில் இறக்கிவிட்டது. அடுத்த ஆண்டே, ஒளியால் தூண்டப்படும் சேதம் உள்ளிட்ட வேறு விழித்திரைச் சிதைவுகளில் அதே மெட்ஃபார்மின் சுண்டெலிகளைக் காத்தது. மருந்தின் மேல் குற்றமில்லை. புரதத்தைக் காப்பதும் செல்லைக் காப்பதும் ஒன்றல்ல என்பதை இதைவிடத் தெளிவாக எந்தச் சோதனையும் சொன்னதில்லை என்பது எங்கள் எண்ணம்.

வால்ப்ரோயிக் அமிலத்தின் கதை இன்னும் கசப்பானது, ஏனென்றால் அது நோயாளிகள் வரை போனது. வலிப்பு மருந்தான இது மடிப்புக்கு உதவும் என்ற எதிர்பார்ப்பு வந்தவுடன், போதுமான ஆதாரம் சேரும் முன்பே சிலர் எழுதிக்கொடுக்கவும் தொடங்கினார்கள். பிறகு 90 பேரை வைத்து முறையான சோதனை நடந்தது, 2018இல் முடிவு வெளியானது. முதன்மை அளவீடான பார்வைப் புலப் பரப்பில் போலி மருந்து எடுத்த குழுவே மேலாக இருந்தது. தவளைகளில் இதே மருந்து பி23எச்-க்குப் பலன் தந்து, வேறு சில ரோடாப்சின் சடுதிமாற்றங்களில் சிதைவைக் கூட்டியதும் அதற்கு முந்தைய ஆண்டிலேயே வெளியாகியிருந்தது. எல்லாச் சடுதிமாற்றங்களையும் ஒரே கூடையில் போட்டுச் சோதித்தால் ஒருவரின் நன்மை இன்னொருவரின் தீமையால் அடிபட்டுப்போகும்.

இந்த வழியை அப்படியே மூடிவிடவும் வேண்டியதில்லை. வைசி-001 என்ற, ரெட்டினால் வகையைச் சேராத சிறு மூலக்கூறு ஒன்று 2018இல் வெளிவந்தது. கழன்று கழன்று ஒட்டும் தன்மையுள்ள அது, குழிக்குள் ஒட்டிப் புரதத்தைத் தாங்கும். மடிப்புக் கோளாறு லேசாக உள்ள சடுதிமாற்றங்களுக்கு இந்த வகை பொருந்தலாம். பி23எச் போன்ற கடும் கோளாறுக்கு, வெளிக்கூறு வரை கூடவே போய்த் தாங்கும் மருந்து வேண்டும். அது எளிதல்ல.

துணைப்புரதங்களைக் கூட்டுவதும் இதன் உறவுதான். வெப்ப அதிர்ச்சிப் புரதங்களைப் பெருக்கும் ஆரிமோகுளோமால் பி23எச் எலிகளில் பார்வையைக் காத்தது. அந்த மருந்துக்கு 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் நீமன்-பிக் சி நோய்க்கு அனுமதி கிடைத்தது, கண்ணுக்கு அல்ல. எச்எஸ்பி90 என்ற துணைப்புரதத்தை அடக்கும் தடுப்பான்கள் முதல் வேளையில் நன்மை செய்தன. நீடித்துக் கொடுத்தபோது ஜிஆர்கே1, பிடிஇ6 என்ற இரு பார்வைப் புரதங்கள் குறைந்துபோயின. அவை மடிய எச்எஸ்பி90 வேண்டும். ஒரு புரதத்துக்கு உதவப்போய் இரண்டைப் பட்டினி போட்டது இது.

குப்பையைக் குறைப்பது, வரத்தை அடைப்பது

மடியவைப்பதைவிட அழிக்கவைப்பது பாதுகாப்பானதா? இதுவரை வந்த சான்று அந்தப் பக்கமே சாய்கிறது. புரோட்டியசோமின் வாயைத் திறந்துவைக்கும் பிஏ28-ஆல்ஃபா என்ற துணையலகை சுண்டெலிகளின் குச்சி செல்களில் கூட்டியபோது பி23எச் சிதைவு மந்தமாயிற்று. 2018இல் வெளிவந்த இந்த வேலையின் அழகு, மடிப்புக் கோளாறின் மூலம் வேறாக இருந்த இன்னொரு சிதைவிலும் அதே உத்தி பலித்தது என்பது. திணறல் பொதுவானது என்றால் தீர்வும் ஓரளவு பொதுவாக இருக்கலாம்.

செல்லின் இன்னொரு குப்பைவழி, தன் உட்பொருள்களையே விழுங்கிச் செரிக்கும் தன்விழுங்கல். 'தன்விழுங்கலைத் தூண்டினால் எல்லாம் சுத்தமாகும்' என்ற பேச்சு இப்போது நலவாழ்வுக் குறிப்புகள் வரை பரவியிருக்கிறது. பி23எச் சுண்டெலிகளில் அதைத் தூண்டும் ராபமைசின் சிதைவைக் கூட்டியது. குச்சி செல்லில் தன்விழுங்கலைத் தடுத்தபோது சிதைவு மட்டுப்பட்டது. இந்தச் செல்லில் அந்த வழி ஏற்கெனவே அளவுக்கு மீறி ஓடிக்கொண்டிருக்கிறது. புரோட்டியசோம் வழியோ பின்தங்கிக் கிடக்கிறது. கூட்டவேண்டியது எது, குறைக்கவேண்டியது எது என்று பாராமல் இரண்டையும் 'சுத்திகரிப்பு' என்று ஒரே பெயரில் அழைப்பதில்தான் பிழை.

இங்கே ஒரு முரணும் உண்டு. புரதத்தை வலையிலிருந்து பிடுங்கும் விசிபி-யைத் தடுத்தாலும் பி23எச் விழித்திரை காப்பாற்றப்படுகிறது. பழ ஈயிலும் எலியிலும் காட்டப்பட்டிருக்கிறது. குப்பை அகற்றும் ஒரு கருவியைக் கூட்டினாலும் நன்மை, இன்னொன்றைத் தடுத்தாலும் நன்மை. புரோட்டியசோமின் வாசலில் வந்து குவியும் வரத்தைக் குறைப்பதும், வாசலை அகலத் திறப்பதும் ஒரே நெரிசலைத்தான் தணிக்கின்றன என்று இதை விளக்கலாம்.

எல்லாவற்றையும்விடத் தெளிவான வழி, தப்பான புரதம் உருவாகாமலே செய்வது. ரோடாப்சின் மரபணுவின் இரு படிகளில் ஒன்று முழுதாக இல்லாதவர்களுக்குப் பார்வை பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. ஆக, நல்ல படியை விட்டுவிட்டுக் கெட்ட படியை மட்டும் அடக்கினால் போதும். ஆன்டிசென்ஸ் ஆலிகோநியூக்ளியோடைடு என்னும் குறும் இழை இதற்காகச் செய்யப்பட்டது. நடுவில் டிஎன்ஏ, இரு முனையிலும் நொதிகளால் உடையாதபடி மாற்றிய எழுத்துகள். கெட்ட ஆர்என்ஏ-வில் போய் அது ஒட்டியதும் ஆர்என்ஏஸ் எச்1 என்ற நொதி வந்து வெட்டிவிடும். கண்ணுக்குள் விட்ரியஸ் கூழில் ஊசியாகப் போட்டால் விழித்திரை முழுக்கப் பரவும் என்பது இதன் பெரிய வசதி. சவால் வேறு: நல்லதுக்கும் கெட்டதுக்கும் இடையே ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஒட்டும் வலிமை கொஞ்சம் கூடினாலும் நல்லதும் வெட்டுப்படும், குறைந்தால் எதுவுமே வெட்டுப்படாது. பி23எச்-க்கான இத்தகைய மருந்து ஒன்றின் மனிதச் சோதனை 2019இல் தொடங்கியது. உருவாக்கிய நிறுவனம் 2022இல் கண் மருத்துவத்தை விட்டு வேறு துறைக்குத் திரும்பியது.

ஆனால் 150க்கு மேற்பட்ட சடுதிமாற்றங்களுக்கும் தனித்தனி இழை செய்வது நடக்காத காரியம். அதற்கு மாற்று 'அடக்கி மாற்றுதல்'. மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுசெல்லும் ஏஏவி என்ற வைரஸின் ஒரே உறைக்குள் இரண்டு சரக்கு ஏற்றுவார்கள். ஒன்று, நல்லது கெட்டது பாராமல் எல்லா ரோடாப்சின் ஆர்என்ஏ-வையும் அடக்கும் குறு ஆர்என்ஏ. மற்றது புதிய ரோடாப்சின் மரபணு. அதன் எழுத்துகள், அமினோ அமிலம் மாறாதபடி, மாற்றி எழுதப்பட்டிருக்கும், அதனால் அடக்கும் கருவி அதை அடையாளம் காணாது. ஏஏவி-யின் கொள்ளளவு சுமார் 4,700 எழுத்துகள். ரோடாப்சின் சிறிய மரபணு என்பதால் இரண்டும் இடம்பிடிக்கின்றன. மேலே சொன்ன ஒளிக்கூச்ச நாய்களில் இது வேலை செய்ததை 2018இல் வெளியிட்டார்கள். சிகிச்சை பெற்ற பகுதி வேண்டுமென்றே பாய்ச்சிய வெளிச்சத்தையும் தாங்கியது, பக்கத்துப் பகுதி சிதைந்தது.

அளவுதான் இதில் கத்திமுனை. நல்ல ரோடாப்சினே அளவுக்கு மீறினால் குச்சி செல்லைக் கொல்லும். அடக்கும் கருவி அதிகமாகவும் மாற்று மரபணு குறைவாகவும் வேலை செய்தால் வெளிக்கூறு வளராது. இரண்டும் ஒரே உறையில் போவதால் விகிதம் ஓரளவு கட்டுக்குள் நிற்கிறது. வைரஸை விழித்திரைக்கு அடியில் ஊசியால் செலுத்தும்போது சிறு கொப்புளம் எழும். அந்தக் கொப்புளம் பரவிய இடத்துக்கு மட்டும்தான் பாதுகாப்பு.

விலங்குச் சோதனையில் ஏமாறும் இடங்கள்

மேலே சொன்ன முடிவுகளை வாசிக்கும்போது சில கேள்விகளைக் கையில் வைத்திருக்க வேண்டும். சுண்டெலியின் விழித்திரையில் ஒளியுணர் செல்களின் உட்கருக்கள் 10 முதல் 12 வரிசையாக நிற்கும். எத்தனை வரிசை மிஞ்சியிருக்கிறது என்று எண்ணுவதே அடிப்படை அளவீடு. பார்வை நரம்பின் வழியாக மேலிருந்து கீழாக வெட்டி, நரம்பிலிருந்து இருபுறமும் சம இடைவெளியில் எண்ண வேண்டும். பி23எச்-இல் கீழ்ப்பாதி அதிகம் சிதைவதால், வெட்டு கொஞ்சம் சாய்ந்தாலோ எந்தப் பாதி என்று குறிக்காமல் விட்டாலோ, இல்லாத பலன் இருப்பதாகத் தெரியும்.

சுண்டெலியின் பின்னணி மரபணுக்களும் ஏமாற்றும். பரவலாகப் பயன்படும் சி57பிஎல்/6என் வகையில் ஆர்டி8 என்ற தனிப் பழுது ஒளிந்திருப்பது 2012இல் அம்பலமானது. அது தெரியாமல் நடந்த பழைய சோதனைகளில் எது பி23எச்-ஆல் வந்தது, எது ஆர்டி8-ஆல் வந்தது என்று பிரிக்க முடியாது. ரெட்டினாலைப் புதுப்பிக்கும் ஆர்பிஇ65 நொதியின் 450ஆம் இடத்தில் லூசினா மெத்தியோனினா என்பதும் முக்கியம். மெத்தியோனின் உள்ள சுண்டெலியில் ரெட்டினால் மெதுவாகப் புதுப்பிக்கப்படும், ஒளிச்சேதமும் குறையும். கூண்டு எந்தத் தட்டில் இருந்தது என்பதுகூட, மேல்தட்டில் விளக்கு அருகில் இருப்பதால், வெள்ளை எலிகளில் முடிவை மாற்றிவிடும்.

ஒளிக்கு விழித்திரை எழுப்பும் மின் அலையை அளக்கும் மின்விழித்திரைப் பதிவுக்கு ஓர் இரவு முழுக்க இருட்டில் வைத்து, சிவப்பு விளக்கில் மயக்கி, உடல் வெப்பத்தை 37 பாகையில் நிறுத்த வேண்டும். வெப்பத்தட்டு இல்லாமல் எலி குளிர்ந்தால் அலை சிறுத்துவிடும், மருந்து தோற்றதுபோல் காட்டும்.

மருந்துக்கடையில் கிடைப்பவை பற்றி

ரெட்டினால் மடிப்புக்கு உதவுகிறது என்று படித்தவுடன் வைட்டமின் ஏ மாத்திரை நினைவுக்கு வருவது இயல்பு. 1993இல் வந்த ஒரு பெரிய சோதனை நாளுக்கு 15,000 அலகு வைட்டமின் ஏ பால்மிட்டேட் சிதைவைச் சற்று மந்தமாக்குவதாகவும், 400 அலகு வைட்டமின் ஈ கெடுப்பதாகவும் சொன்னது. அதே தரவுகளை மரபணு விவரத்தோடு மறுபடி அலசிய 2023 ஆய்வில் வைட்டமின் ஏ-யின் பலன் தெரியவில்லை. நீண்ட நாள் அதிக அளவு எடுத்தால் கல்லீரல் பாதிக்கும், கருவுற்றவர்களுக்கு ஆகவே ஆகாது. ஏபிசிஏ4 மரபணு பழுதானவர்களுக்கு அது நேரடித் தீங்கு, காரணம் அங்கே ரெட்டினால் கழிவுதான் நோயே. எனவே மரபணுச் சோதனை முடிவு கையில் இல்லாமல் இதைத் தொடங்கக் கூடாது.

டியுடிசிஏ என்ற பித்த அமிலமும், 4-பீனைல்பியூட்டிரேட்டும் வேதித் துணைகளாகப் பேசப்படுபவை. இரண்டுமே விலங்கு விழித்திரையில் நல்ல விளைவு காட்டியிருக்கின்றன. பியூட்டிரேட் சொட்டுமருந்து, மயோசிலின் புரதம் மடியாமல் தேங்குவதால் கண் அழுத்தம் ஏறும் சுண்டெலிகளில் அழுத்தத்தைக் குறைத்தது. ஆனால் மனித விழித்திரைக்கான அளவு எது, எந்தச் சடுதிமாற்றத்துக்கு என்பதெல்லாம் நிறுவப்படவில்லை. இவ்விரு வேதிப்பொருள்களையும் சேர்த்துச் செய்த ஒரு கூட்டு மருந்து, ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய்க்கான மூன்றாம் கட்டச் சோதனையில் 2024இல் தோற்றது என்பதையும் நினைவில் வைக்கலாம்.

நோயாளிக்கு இன்றே கைகொடுப்பவை வேறு. விழித்திரையின் நடுவில் நீர் கோத்து வீங்கினால் கார்போனிக் அன்ஹைட்ரேஸ் தடுப்பான்கள் வற்றவைக்கும். இந்த நோயில் சிறுவயதிலேயே வரும் கண்புரையை அகற்றலாம். ஒளி விலங்குகளில் இவ்வளவு தெளிவாகக் கெடுதி செய்வதால், வெயிலில் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அணியச் சொல்வதில் இழப்பு ஒன்றுமில்லை.

மடிப்பைத் தொடாமலே, ஆக்சிஜன் அரிப்பிலிருந்து கூம்பு செல்களைக் காக்கும் முயற்சியும் மனிதச் சோதனையில் முன்னேறியிருக்கிறது. என்-அசெட்டில்சிஸ்டீன் என்ற பழைய சளி மருந்தை 30 பேரிடம் 24 வாரம் கொடுத்த முதல் கட்ட முடிவு 2020இல் வந்தது. மூன்றாம் கட்டம் 2023இல் தொடங்கியது: 438 பேர், நாளுக்கு இருமுறை 1,800 மில்லிகிராம், 45 மாதங்கள். சோதனை இவ்வளவு நீள்வதற்குக் காரணம் நோயின் மந்தமே. விழித்திரையின் குறுக்குவெட்டைக் காட்டும் அடுக்குவருடிப் படத்தில் ஒளியுணர் செல்களைக் குறிக்கும் வெளிர்க்கோட்டின் அகலம்தான் அங்கே முதன்மை அளவீடு. அது ஆண்டுக்கு ஆண்டு மிகச் சிறிதளவே சுருங்கும், ஒவ்வொரு முறை படம் எடுப்பதிலும் கொஞ்சம் பிழை இருக்கும். மருந்து எடுத்தவருக்கும் எடுக்காதவருக்கும் உள்ள வித்தியாசம் அந்தப் பிழையைத் தாண்டித் தெரிய நான்காண்டுக்கு நெருக்கமாகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.